பேரிடரில் இறந்தவர்களுக்கு நினைவிடம்: தூணுக்கு முன்னால் முடிவாக வேண்டியவை

சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26 காலையில் சென்னையின் காசிமேடு, பட்டினப்பாக்கம் பக்கம் போனால் கடலில் பால் ஊற்றுபவர்களைப் பார்க்கலாம். பூத் தூவுவார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள், கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடுவார்கள். நினைவிடம் பற்றிய பேச்சும் அந்த நாட்களில்தான் கிளம்பும். ஒரு தூண் எழுப்ப இத்தனை யோசனையா என்பார்கள் சிலர். தூண் எதற்கு, அந்தக் காசில் வீடு கட்டித் தரலாமே என்பார்கள் வேறு சிலர். சுனாமி, 2015 சென்னை வெள்ளம், வயநாடு நிலச்சரிவு என்று பேரிடர் எதுவானாலும் இந்த இரண்டு கேள்விகளும் தவறாமல் வருகின்றன.

இரண்டு தரப்பும் ஒரே இடத்திலிருந்துதான் யோசிக்கின்றன. நினைவிடம் என்றால் ஒரு கட்டுமானம்; யாராவது வரைந்து கொடுத்தால் கான்ட்ராக்டர் கட்டிவிடுவார். ஆனால் வரைபடம் கடைசியில் வர வேண்டியது. யாருடைய பெயர்கள், எந்த நிலம், யார் பராமரிப்பு என்ற மூன்றும் அதற்கு முன்பே முடிவாக வேண்டும். இவற்றைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் வடிவத்தைப் பிடித்த நினைவிடங்கள்தான் பூட்டிக் கிடக்கின்றன அல்லது துருப்பிடித்து நிற்கின்றன.

## நடந்தது என்ன, சுருக்கமாக

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28க்குச் சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவில் நிலநடுக்கம். இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமான இடைவெளிக்குப் பிறகே அலை தமிழகக் கரைக்கு வந்தது. அந்த இடைவெளியில் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல அன்று எந்த ஏற்பாடும் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் இயங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். சென்னையில் 200க்கும் மேல்.

சென்னையின் கணக்கில் நாகையிலிருந்து வேறுபடும் ஒரு விஷயம் உண்டு. சீனிவாசபுரம் போன்ற குப்பங்களில் வீட்டில் இருந்தவர்களும் இறந்தார்கள். ஞாயிறு காலை மெரினாவில் நடக்கவும் விளையாடவும் வந்தவர்களும் இறந்தார்கள். கடலோரத்தில் வாழ்ந்தவர்கள், கடற்கரைக்கு வந்துபோனவர்கள் என்ற இந்த இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தை யோசிப்பது எளிதல்ல. இடம் பற்றிப் பேசும்போது இது மறுபடி குறுக்கே வரும்.

## நினைவிடம் செய்ய வேண்டிய வேலைகள்

தலைவர்களின் நினைவிடத்துக்குச் சென்னை பழக்கப்பட்டது. அங்கே அடக்கம் நடந்த இடம் தெரியும், இறந்தவரை எல்லோருக்கும் தெரியும். பேரிடர் நினைவிடத்தில் இரண்டும் இல்லை. அதன் வேலைகளும் வேறு:

1. துக்கம் காக்க ஓர் இடம். உடலே கிடைக்காத குடும்பத்துக்குச் சுடுகாடும் இல்லை, கல்லறையும் இல்லை. திதி கொடுக்க, மாலை போட, சும்மா உட்கார்ந்து அழ ஒரு மூலை வேண்டும்.

2. பதிவு. யார் யார் இறந்தார்கள், எந்த ஊர், என்ன வயது என்பது அரசுக் கோப்புக்கு வெளியே எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

3. எச்சரிக்கை. தண்ணீர் எதுவரை வந்தது, அடுத்த முறை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அன்று பிறக்காத ஒருவருக்கும் புரிய வேண்டும்.

இவை ஒன்றோடொன்று முட்டும். துக்கம் காப்பவர்களுக்கு அமைதி வேண்டும். எச்சரிக்கைக்கோ ஆள் நடமாட்டம் உள்ள இடம் வேண்டும். ஜப்பானின் மினாமிசன்ரிகு ஊரில் 2011 சுனாமியின்போது பேரிடர்த் தடுப்புக் கட்டடத்திலேயே 43 பேர் இறந்தார்கள். மிஞ்சியது சிவப்பு இரும்புச் சட்டகம் மட்டும். அதைப் பார்க்கவே முடியவில்லை, இடித்துவிடுங்கள் என்று இறந்தவர்களின் குடும்பங்களில் பலர் கேட்டார்கள். எதிர்காலத்துக்குப் பாடமாக நிற்கட்டும் என்று மற்றவர்கள். உடனே தீர்க்க முடியாமல், 2031 வரை மியாகி மாகாண அரசே அந்தச் சட்டகத்தைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு ஆனது. பேரிடர் நடந்து 20 ஆண்டு வரை யோசிக்க அவகாசம் கிடைத்தது; அதற்கு முன்பே, 2024இல், நிரந்தரமாகக் காக்க முடிவு செய்து ஊரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதலில் முடிவைத் தள்ளிப்போடுவதையே ஒரு முடிவாக எடுத்தார்கள்; அது கோழைத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

## பெயர்ப்பட்டியல்: சிக்கல் முழுக்க இங்கேதான்

அரசிடம் பட்டியல் இருக்கிறதே, அதைக் கல்லில் வெட்டினால் ஆயிற்று என்று தோன்றும். அரசிடம் இருப்பது நிவாரணப் பட்டியல். யாருக்குப் பணம் போக வேண்டும் என்பதற்காகத் தயாரானது. யார் இறந்தார்கள் என்ற கேள்விக்கு அது பாதிப் பதில்தான். அதில் விடுபடக்கூடியவர்கள்:

1. உடல் கிடைக்காதவர்கள். ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் போனால்தான் ஒருவர் இறந்ததாக அனுமானிக்கலாம் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. பேரிடரில் அரசு தனி உத்தரவு போட்டுத்தான் இதைத் தளர்த்த முடியும்.

2. வெளியூர்க்காரர்கள். கட்டட வேலைக்கு வந்தவர், கடற்கரையில் சுண்டல் விற்றவர், ஒரு நாள் சுற்றிப் பார்க்க வந்தவர். உள்ளூர் ரேஷன் கார்டில் இவர்கள் இல்லை. குடும்பம் வந்து கேட்டால்தான் பெயர் ஏறும்.

3. பிறகு இறந்தவர்கள். கடல்நீர் நுரையீரலில் ஏறி, காயத்தில் சீழ் வைத்து, வாரங்கள் கழித்துப் போனவர்கள். எந்தத் தேதி வரை சேர்ப்பது என்று ஒரு கோடு கிழித்தாக வேண்டும். எங்கே கிழித்தாலும் அதற்கு வெளியே ஒரு குடும்பம் நிற்கும்.

4. பெயர் வைக்காத குழந்தைகள்.

5. பெயர் தெரியாத உடல்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் நிலம் சரிந்தபோது அடையாளம் தெரியாத உடல்களையும் உடல் பாகங்களையும் புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். மரபணுப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து, கல்லில் எண் போட்டார்கள். பிறகு அடையாளம் தெரிந்தால் எண்ணுக்குப் பதில் பெயர் வரும். பெயர்க்கல்லை மாற்றும்படி வைப்பது, காலி இடம் விட்டு வைப்பது எல்லாம் இதனால்தான் வடிவமைப்பின் ஒரு பகுதி. சுவர் முழுக்க நெருக்கி எழுதிவிட்டுப் பின்னால் வந்த ஏழு பெயரை ஓரத்தில் தனித் தகட்டில் ஒட்டினால் அந்த ஏழு குடும்பங்களும் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஓரத்தில்தான் நிற்க வேண்டும்.

பெயரே இல்லாமல் விடுவதும் ஒரு வழி. இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே அருகே சிரோனில் 46,000க்கும் மேற்பட்டவர்களை ஒரே நிலத்தில் புதைத்தார்கள். அங்கே தனித்தனிக் கல்லறை கிடையாது, பரந்த புல்வெளிதான். எண்ணிக்கை அந்த அளவுக்குப் போனபோது வேறு வழியும் இருக்கவில்லை. சென்னையில் 200 சொச்சம் பெயர்களுக்கு அந்தச் சமாதானத்தைச் சொல்ல முடியாது.

### வரிசை

பட்டியல் முடிவானால் அடுத்தது வரிசை. அகரவரிசை எல்லோருக்கும் நியாயமானதுபோலத் தெரியும். ஆனால் அலை தனித்தனி ஆளாக அடிக்கவில்லை. ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் ஒன்றாகப் போயிருந்தால் அகரவரிசை அவர்களை நான்கு மூலைக்குப் பிரித்துவிடும். மேல்நாட்டில் குடும்பப்பெயர் பொதுவாக இருப்பதால் அகரவரிசையிலும் வீட்டார் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுவார்கள். நம்மிடம் இருப்பது முதலெழுத்து. அதுவும் திருமணமான பெண்ணுக்குக் கணவன் பெயரின் எழுத்து, அவள் தம்பிக்கு அப்பா பெயரின் எழுத்து. கு. லட்சுமி என்று ஒரே சுவரில் மூன்று பேர் இருக்கலாம். எந்த லட்சுமி என்று மகனே தேடி நிற்பான்.

இதற்கு ஒரு முன்மாதிரி, இயற்கைப் பேரிடர் அல்லாத ஓர் இடத்தில் கிடைக்கிறது. நியூயார்க்கில் செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் நினைவிடத்தில் 2,983 பெயர்கள். யார் பெயருக்குப் பக்கத்தில் யார் பெயர் வர வேண்டும் என்று குடும்பங்களிடம் கேட்டார்கள். ஏறக்குறைய 1,200 கோரிக்கைகள் வந்தன. கணினி உதவியோடு அத்தனையையும் பொருத்தி அடுக்கினார்கள். 200 பெயருக்கு இதைச் செய்யக் கணினிகூடத் தேவையில்லை. ஊர், தெரு, வீடு என்ற வரிசையில் எழுதி, ஒவ்வொரு பெயரோடும் வயதைப் போட்டால் போதும். வயது இருந்தால் வீடு தெரியும்: 34, 9, 6, 2 என்று வரிசையாகப் படிப்பவருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

எழுத்துப்பிழை சின்ன விஷயம் அல்ல. சுப்ரமணியா, சுப்பிரமணியா? ரேஷன் கார்டில் இருப்பதா, வீட்டில் எழுதுவதா? வரைவுப் பட்டியலை வெளியிட்டு, வாக்காளர் பட்டியலுக்குச் செய்வதுபோல் திருத்தம் கேட்டு, கால அவகாசம் கொடுத்து, அதன்பிறகே உளி கல்லில் பட வேண்டும். குப்பத்தில் ஒரு நாள் முழுக்க மேசை போட்டு உட்கார்ந்தால் பாதித் திருத்தம் அங்கேயே முடிந்துவிடும்.

## எந்த நிலம்?

சென்னைக் கடற்கரையில் நிலம் சும்மா கிடப்பதுபோலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு கஜமும் பயன்பாட்டில் இருக்கிறது. ஃபைபர் படகு ஏற்றுவது, வலை சரிசெய்வது, கருவாடு காயப்போடுவது, மீன் ஏலம் விடுவது எல்லாம் அந்த மணலில்தான். மெரினா லூப் சாலை மீன்கடைகள் விவகாரம் 2023இல் உயர் நீதிமன்றம் வரை போனது. மீனவர்களின் பெயரால் எழுப்பும் நினைவிடம் அவர்கள் படகு ஏற்றும் இடத்தை வேலி போட்டு எடுத்துக்கொண்டால் அதை அபத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக்கோட்டை அடிப்படையாக வைத்துக் கரையைப் பிரிக்கிறது. உயர் அலைக்கோடு என்றால் மிகப்பெரிய ஏற்றத்தின்போது நீர் நிலத்தில் எட்டும் எல்லை. நகர்ப்பகுதியில் ஏற்கெனவே இருக்கும் சாலைக்கு நிலப்பக்கமாகக் கட்டலாம். கடல்பக்கமாகப் பொதுவாக முடியாது. விநோதம் என்னவென்றால், கடல்நீர்ப் பரப்புக்குள் நினைவுச்சின்னம் எழுப்ப மாநில அரசுகளுக்கு விதிவிலக்காக அனுமதி தரும் பிரிவு ஒன்று இதே விதிகளில் உண்டு. மெரினாவை ஒட்டிக் கடலுக்குள் 134 அடி உயரப் பேனா நினைவுச்சின்னம் திட்டமானது அந்த வழியில்தான். 2023 ஜனவரி 31 அன்று நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதிர்ப்பும் ஆதரவும் மோதிக்கொண்டது நினைவிருக்கும்.

சாலையோரம் வைக்கலாமே என்றால், 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பொதுச்சாலை, நடைபாதை போன்ற இடங்களில் சிலையோ கட்டுமானமோ வைக்க அனுமதிக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. காமராஜர் சாலையில் இருந்த சிவாஜி கணேசன் சிலையே போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கில் 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்கு இடம் மாறியது. ஆக, மிஞ்சுவது பூங்கா, பள்ளி வளாகம், குப்பத்தின் பொது இடம், குடியிருப்பு வாரிய வளாகம்.

அப்புறம் இன்னொரு கேள்வி: குடும்பங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குடும்பங்கள் பலவற்றைச் செம்மஞ்சேரிக்கும் கண்ணகி நகருக்கும், வடசென்னையில் எர்ணாவூர்ப் பக்கமும் குடியமர்த்தினார்கள். பட்டினப்பாக்கத்தில் பெயர்ச்சுவர் எழுந்தால் செம்மஞ்சேரித் தாய் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். செம்மஞ்சேரியில் எழுந்தால் கடலே இல்லை. அந்தச் செம்மஞ்சேரியும் மழைக்காலத்தில் மிதக்கும் இடம். ஒரே இடம் என்ற எண்ணத்தைக் கைவிடும்வரை இது தீராது.

## வடிவங்கள்: மற்ற ஊர்கள் செய்து பார்த்தவை

1. பெயர்ச்சுவர். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் இறந்த 185 பேரின் பெயர்களும் ஏவன் ஆற்றங்கரையில் நீண்ட பளிங்குச் சுவரில் இருக்கின்றன. ஆறு ஆண்டு கழித்து அதே தேதியில் திறந்தார்கள். எண்ணிக்கையில் சென்னைக்கு நெருக்கமான உதாரணம் இதுதான்.

2. சிதிலத்தைக் காப்பது. பண்டா ஆச்சேயில் 2,600 டன் எடையுள்ள மின்உற்பத்திக் கப்பலை அலை ஊருக்குள் கொண்டுவந்து போட்டது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். நம்மிடம் தனுஷ்கோடி இருக்கிறது; 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்கள் யாரும் திட்டமிடாமலே நினைவிடம் ஆகிவிட்டன. சிதிலத்தைக் காப்பதற்குச் செலவு இல்லை என்று நினைக்கக் கூடாது. ஜப்பானின் ரிகுசென்தகாத்தாவில் ஏறக்குறைய 70,000 பைன் மரங்களில் தப்பிய ஒற்றை மரமும் உப்புநீரில் வேர் அழுகிச் செத்தது. அதைப் பதப்படுத்தி உள்ளே சட்டகம் வைத்து மறுபடி நிறுத்த 15 கோடி யென் அளவுக்குச் செலவானது. உயிரோடிருப்பவர்களுக்கு வீடு இல்லாதபோது செத்த மரத்துக்கு இத்தனையா என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது.

3. அருங்காட்சியகம். பண்டா ஆச்சே சுனாமி அருங்காட்சியகம் ரித்வான் காமில் வடிவமைத்தது, 2009இல் திறந்தது. இருட்டான ஒடுங்கிய பாதையில் இருபுறமும் நீர் வழியும் சுவர்களுக்கு நடுவே உள்ளே போக வேண்டும். கட்டடத்தின் மேல்தளம் அடுத்த சுனாமியில் மக்கள் ஏறி நிற்கும் புகலிடமாகவும் உதவும். துக்கம், எச்சரிக்கை இரண்டையும் ஒரே கான்கிரீட்டில் சேர்த்ததால் இந்தக் கட்டடம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அருங்காட்சியகத்துக்குச் சம்பளப்பட்டியல் உண்டு, மின்கட்டணம் உண்டு. அதைச் சமாளிக்காத ஊரில் இரண்டே ஆண்டில் பூட்டு தொங்கும்.

4. நிலத்தையே நினைவாக்குவது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் இறந்த ஏறக்குறைய 13,000 பேருக்காகப் புஜ் நகரில் புஜியோ குன்றில் ஸ்மிருதிவனம் 470 ஏக்கரில் எழுந்தது. மழைநீரைத் தேக்கும் தடுப்பணைகள், நட்டு வளர்த்த காடு, இறந்தவர்களின் பெயர்கள். வறண்ட கட்ச்சுக்கு நீர் சேமிப்பும் சேர்ந்து கிடைத்தது. திறந்தது 2022இல், 21 ஆண்டுக்குப் பிறகு.

5. உயரக்குறியும் எல்லைக்கல்லும். எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் பயனுள்ளது. ஜப்பானின் அனெயோஷியில் இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று ஒரு கல் நிற்கிறது. 1896 சுனாமியில் அந்த ஊரில் தப்பியவர்கள் இருவர், 1933இல் நால்வர். அதன்பிறகு நட்ட கல் அது. 2011 அலை அந்தக் கல்லுக்குச் சுமார் 100 மீட்டர் கீழேயே நின்றது. மேலே இருந்த வீடுகள் தப்பின. ஆனால் ஜப்பான் கடற்கரை நெடுக இப்படிப்பட்ட கற்கள் பல உண்டு. அவற்றைத் தாண்டிக் கட்டிய ஊர்களும் உண்டு. சில வீடுகளே உள்ள ஊர் சொன்னதைக் கேட்டதால் அனெயோஷியில் கல் வேலை செய்தது. வெள்ளத்துக்கும் இதே முறைதான். ஜெர்மனியின் பஸாவ் நகரில் பழைய நகர மன்றச் சுவரில் வெள்ளம் எட்டிய உயரங்களை 1501 முதல் குறித்து வைத்திருக்கிறார்கள், 2013இல் 12.89 மீட்டர்.

உயரக்குறியில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. அது நம் ஊருக்கென்றே நேர்ந்தது. சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுவார்கள். சாலை ஏற ஏற வீடு பள்ளமாகும். தரையிலிருந்து ஐந்தடி என்று எழுதிய குறி பதினைந்து ஆண்டில் தரையிலிருந்து மூன்றரை அடியில் நிற்கும். பார்ப்பவர், இவ்வளவுதானா என்று போய்விடுவார். அதனால் குறி இரண்டு அளவையும் சொல்ல வேண்டும்: அன்றைய தரையிலிருந்து நீர் நின்ற உயரம், சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம். இரண்டாவது அளவு மாறாது.

## உப்புக் காற்றில் எது நிற்கும்

கடலோரக் கான்கிரீட்டின் எதிரி உப்பில் உள்ள குளோரைடு. அது நுண்துளை வழியே உள்ளே போய்க் கம்பியை எட்டும், கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். இதைத் தள்ளிப்போடுவது கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட்டின் தடிமன், அதாவது கவர். கடல்நீர்ச் சாரல் படும் பரப்புக்கு 50 மில்லிமீட்டரும், அலை ஏறி இறங்கும் பகுதிக்கு 75 மில்லிமீட்டரும் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. வளைந்து நெளிந்த மெல்லிய அலை வடிவச் சிற்பத்தில் இந்தக் கவருக்கு இடம் இருக்காது. எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது என்பதும் நம்பிக்கைதான். சமையலறையில் பழகிய 304 ரகம் கடற்கரையில் பழுப்புக் கறை பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் வேண்டும், அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

நிற்பது கல். நல்லவேளை, அது நமக்கு ஊர்ச்சரக்கு. பல்லாவரத்துக் கருங்கல்லின் பெருமை கொல்கத்தா வரை போனது: அங்கே அடக்கமான கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லை ஆராய்ந்துதான் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். முந்நூறு ஆண்டாக ஒரு கல்லறையைத் தாங்கும் கல்லுக்கு வேறு சான்றிதழ் வேண்டாம்.

கண்ணாடிபோல் மெருகிட்ட கறுப்புக் கிரானைட்டில் லேசாகக் கீறி வெள்ளைப் பெயின்ட் அடிப்பதுதான் நம் ஊர்க் கல்வெட்டு வழக்கம். பெயின்ட் உரிந்ததும் பெயர் காணாமல் போகும். ஆழமாக வெட்ட வேண்டும். தமிழில் புள்ளியை இன்னும் ஆழமாக, இல்லாவிட்டால் தூசி அடைத்து க் என்பது க ஆகிவிடும். கறுப்புக் கல் மே மாத வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடும். பெயரைத் தொட்டுப் பார்க்க வருபவர்களை அது விரட்டும். சுவரை வடக்குப் பார்த்து வைத்தால் ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் படாது.

சடங்குக்கும் இடம் வேண்டும். பால் ஊற்றுவார்கள் என்று தெரிந்திருந்தும் வடிகால் வைக்காமல் கட்டினால் மறுநாள் நாறும். கடற்காற்றில் தீபம் நிற்காது; சுவரிலேயே மாடம் வேண்டும். மெழுகுவத்தி, அகல், ஊதுபத்தி மூன்றும் அங்கே வரும். எந்த மதத்தின் சின்னத்தையும் கல்லில் செதுக்காமல் மூன்றுக்கும் இடம் விடுவது நல்லது. வயதானவர்களுக்குத் திண்ணை, நிழல், குடிதண்ணீர்.

## கல்லில் என்ன எழுதுவது

நமக்கு நடுகல் மரபு உண்டு. செங்கம் வட்டாரத்தின் பல்லவர் கால நடுகற்கள், யாருடைய ஆட்சியாண்டு, இறந்தவர் யார், எந்தச் சண்டையில் இறந்தார் என்று நறுக்கென்று சொல்லும். அந்தச் சுருக்கம் இன்றைக்கும் போதும். தியாகம், இன்னுயிர் ஈந்தார் போன்ற சொற்கள் இங்கே பொருந்தாது. யாரும் எதையும் ஈயவில்லை, எச்சரிக்கை வராததால் இறந்தார்கள்.

2015 வெள்ளத்தைப் பற்றி எழுதுவதானால் இன்னும் கவனம் வேண்டும். டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிட்டார்கள். அந்த வெள்ளம் மனிதத் தவறால் நேர்ந்த பேரழிவு என்று 2018இல் சட்டப்பேரவையில் வைத்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. அப்படியிருக்க, சைதாப்பேட்டையில் ஒரு கல் நட்டு இயற்கையின் சீற்றத்தால் என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. தீர்ப்பு எழுத வேண்டாம். மழை அளவு, திறந்த நீரின் அளவு, நேரம், இறந்தவர்களின் பெயர்கள் என்று எழுதினால் படிப்பவரே முடிவு செய்துகொள்வார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர் என்று நீளும் கல்வெட்டு நம் ஊரில் தவிர்க்க முடியாதது. அதைப் பெயர்ச்சுவரில் வைக்கக் கூடாது, எழுத்து அளவு இறந்தவர்களின் பெயரைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று டெண்டரிலேயே எழுதிவிடலாம்.

## சென்னைக்கு எது சரிப்படும்

என் கருத்தில் சென்னைக்கு ஒரே மண்டபம் வேண்டாம். எண்ணூரிலிருந்து நீலாங்கரை வரை அலை எட்டிய இடங்களில் முழங்கால் உயரக் கற்கள்: தேதி, நேரம், நீரின் உயரம், மேட்டுக்குப் போகும் பாதையைக் காட்டும் அம்பு. இறப்பு நேர்ந்த குப்பங்களில் அந்தந்த ஊர்ப் பெயர்கள் கொண்ட சிறிய சுவர், பள்ளிக்கூடத்தையோ ஊர்ப் பொது இடத்தையோ ஒட்டி. மெரினாவில் நடக்க வந்து இறந்தவர்களுக்கும் அடையாளம் தெரியாதவர்களுக்கும் கடற்கரைச் சாலையின் நிலப்பக்கத்தில் ஒரு பொதுச் சுவர். செம்மஞ்சேரியிலும் எர்ணாவூரிலும் முழுப்பட்டியலின் பிரதி ஒன்று.

பராமரிப்பை யாரிடம் கொடுப்பது என்பதில் மட்டும் எனக்கு உறுதியான பதில் இல்லை. தலைவர்களின் நினைவகங்களைச் செய்தித் துறை பார்த்துக்கொள்கிறது. சிதறிய கற்களை அந்தத் துறை தினமும் சுற்றிவரும் என்று எதிர்பார்க்க முடியாது. மாநகராட்சிப் பூங்காத் துறையிடம் ஆளும் தண்ணீரும் உண்டு. மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் அக்கறை உண்டு, நிதி இல்லை. ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியை ஊர்ப் பஞ்சாயத்திடம் கொடுத்து, கணக்கை மாநகராட்சி தணிக்கை செய்வது ஒரு வழி. ஆண்டுக்கு இரண்டு வேலை: பருவமழைக்கு முன் வடிகால் தூர்வாருவது, டிசம்பர் மூன்றாம் வாரம் எழுத்துகளில் அடைந்த உப்பைக் கழுவி, பெயர்களைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இந்த இரண்டையும் செய்யப்போகும் ஆள் யார், சம்பளம் எந்தக் கணக்கில் என்று எழுதாத திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.